என் காலேஜுக்கு மட்டும் வேண்டாம், ஐயா

2014 பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். எம்.பி.பி.எஸ். சேர்ந்து நான்கைந்து மாதம்தான் ஆகியிருந்தது. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஐயா ஒரு தாளை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஆத்தா, இங்க வா. இதுல ரெண்டு சாட்சி கேட்டிருக்காக. ஒண்ணு நீ போடு" என்றார். எங்கள் பக்கம் பேத்தியையும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வாங்கிப் பார்த்தேன். உடல் தானப் படிவம். மேலே நான் படித்துக்கொண்டிருந்த கல்லூரியின் பெயர்.

டாக்டருக்குப் படிக்கிற பேத்தி பூரித்துப்போவாள் என்று நினைத்திருப்பார் போல. நான் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, "என் காலேஜுக்கு மட்டும் வேண்டாம், ஐயா" என்றேன். ஏன் என்று கேட்டார். தெரிந்த பிள்ளைகள் எல்லாம் இருப்பார்கள், ஒரு மாதிரி இருக்கும் என்று ஏதோ உளறி வைத்தேன். உண்மையான காரணத்தை அவரிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை.

டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது உடலை அறுத்துப் பாடம் படிக்கிற இடத்தில், எங்கள் டேபிளுக்குப் பத்துப் பேர். உடலைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் கண்ணைக் கரிக்கும், மூக்கு ஒழுகும், ஆனால் வகுப்பு முடிந்து மெஸ்ஸுக்குப் போனால் அகோரப் பசி எடுக்கும். முதல் வாரம் பயம். இரண்டாம் வாரம் பழக்கம். மூன்றாம் வாரம் கிண்டல். பாடம் கையிலிருந்து தொடங்கும்; அக்குளைத் திறப்பதற்காகக் கையை விரித்து வைத்திருப்பார்கள். பதப்படுத்தி விறைத்த கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். ஒரு நாள் எங்கள் டேபிள் பையன் ஒருவன் தன் ஏப்ரனைக் கழற்றி அந்தக் கையில் மாட்டினான், ஆணியில் சட்டையை மாட்டுவது மாதிரி. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எங்கள் டேபிளில் இருந்தவருக்கு ஒரு காமெடி நடிகரின் பெயரை வைத்திருந்தோம். பக்கத்து டேபிளுக்கு ஒரு வில்லன் நடிகர்.

அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. கேட்டு வர ஆளில்லாத உடல்களைப் படிப்புக்குக் கொடுப்பதற்கு நம் மாநிலத்தில் 1951-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஹாலில் கிடந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். பெயர் கிடையாது, கட்டித் தொங்கவிட்ட எண் மட்டும். பெயரில்லாதவருக்கு நாம் ஒரு பெயர் வைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் அந்த வயதில் தோன்றியது.

முகப்பில் நின்று படிவத்தைப் பார்த்த நொடியில் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் ஐயாவின் கை. யாரோ ஒருவன் வந்து ஏப்ரனை மாட்டுவான். பத்துப் பேர் சிரிப்பார்கள்.

ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பிறந்த வீடு எங்கள் வீடு இல்லை. கல்யாணமான தம்பதியை எங்கள் பக்கம் புள்ளி என்போம். பிள்ளை இல்லாத புள்ளிகள் பங்காளி வகையில் ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்துக்கொள்வது செட்டிநாட்டில் உள்ள வழக்கம். 'பிள்ளை கூட்டுதல்' என்போம். சொத்துக்கு வாரிசு வேண்டும், புள்ளி அறுந்துவிடக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேல் கொள்ளி வைக்க ஆள் வேண்டும். அப்படிப் பதினொரு வயதில் கூட்டி வரப்பட்டவர் அவர். சொந்த ஆத்தாளை விட்டுவிட்டு வந்த அந்த முதல் ராத்திரி இரண்டாங்கட்டில் தூணைக் கட்டிக்கொண்டு தூங்கியதாகச் சொல்வார். படிவத்தைப் பற்றி அப்பச்சி, அதாவது என் அப்பா, சண்டை போட்டபோது அவர் சத்தம் போடாமல் சொன்னது இது: "நான் கொள்ளி வைக்கிறதுக்குன்னே இந்த வீட்டுக்கு வந்தவன். வச்சாச்சு. எனக்கு யாரும் வைக்க வேணாம்."

அதற்கு அப்பச்சியிடம் பதில் இல்லை. அப்பத்தா உள்ளே போய்விட்டார். கடைசியில் ஐயா என் கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு வேறொரு அரசு மருத்துவக் கல்லூரியின் படிவத்தை வாங்கி, பக்கத்து வீட்டு அண்ணனையும் தன் மருமகனையும் சாட்சி போட வைத்துக்கொண்டார். என்னிடம் மறுபடி கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

மூன்றாம் வருடம் சமூக மருத்துவ வகுப்பில் ஒரு சார் கேட்டார்: கண் தானம் செய்வேன் என்பவர்கள் கை தூக்குங்கள். ஹால் முழுக்கக் கை. உறுப்பு தானம்? முக்கால்வாசிக்கு மேல். எங்கள் வயதுக்காரர்களுக்கு ஹிதேந்திரனைத் தெரியும். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த பையன். பெற்றோர் இருவரும் திருக்கழுக்குன்றத்து டாக்டர்கள். மகனின் உறுப்புகளை அவர்கள் கொடுத்ததும், சென்னைப் போக்குவரத்தை ஒதுக்கிவிட்டு போலீஸ் அந்த இதயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான் பள்ளியில் படித்தபோது ஊரெல்லாம் பேசிய கதை. அதனால் கை தூக்கத் தயங்கவில்லை.

சரி, உடல் தானம்? தூக்கிய கைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு, பக்கத்தில் இருந்தவன் பிடித்துத் தூக்கிவிட்ட கைகள். சார், "டாக்டருக்குப் படிக்கிற உங்களுக்கே மூடநம்பிக்கையா?" என்று வருத்தப்பட்டார். எனக்கு எழுந்து நின்று சொல்ல வேண்டும் போல இருந்தது: சார், கண்ணும் கிட்னியும் வேறு ஒருவர் உடம்புக்குள் போகும். உடல் எங்களிடம் வரும். எங்களை எங்களுக்குத் தெரியும்.

இதைத்தான் நான் இத்தனை வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். பொதுமக்கள் தயங்கினால் விஷயம் தெரியாததால் என்று விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறோம். மருத்துவ மாணவர்கள் தயங்குவது விஷயம் தெரிந்ததால். அதற்குக் கூட்டம் போட்டுப் பயனில்லை, ஹாலைச் சரி செய்ய வேண்டும்.

உறுப்பு தானத்துக்குக் கை தூக்கிய நாங்கள் அதிலும் எவ்வளவு அரைகுறை என்பது 2018-ல், ஹவுஸ் சர்ஜனாக, அதாவது படிப்பு முடிந்த பயிற்சி டாக்டராக, ஐ.சி.யு.வில் நின்றபோது தெரிந்தது. பைக் விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞன். மூளைச்சாவு. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சு ஏறி எறங்குதேம்மா, கை சூடா இருக்கே, எப்படிம்மா செத்துட்டான்னு சொல்றீக?" என்று கேட்டார். நாலரை வருடம் படித்த எனக்குத் தமிழில் அதைச் சொல்ல வரவில்லை. கோமா என்கிற வார்த்தை வேறு வாயில் வந்து, அந்த அம்மாவுக்கு நம்பிக்கை கொடுத்துத் தொலைத்தேன். கோமாவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறவர், திரும்பி வரவும் கூடும். மூளைத்தண்டு செத்தவர் வருவதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரியாமல் உறுப்பு தானத்தைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது.

ஒரு மூத்த ஸ்டாஃப் நர்ஸ் வந்துதான் காப்பாற்றினார். "அம்மா, தம்பி மூச்சு விடல. மிசின் காத்தை உள்ள தள்ளுது, நெஞ்சு ஏறுது. மிசினைக் கழட்டி வச்சுட்டு, தானா மூச்சு வருதான்னு டாக்டருக நின்னு பாத்தாங்க. வரல. ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி பாத்தாங்க. அப்பவும் வரல. நெஞ்சு துடிக்கிறது தன்னால கொஞ்ச நேரம் துடிக்கும், அதுவும் நின்னுரும்." அவ்வளவுதான். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் சொல்கிற முறையும் அதுதான்: நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை, அந்தக் குழுவில் உறுப்பு மாற்று அறுவை செய்கிறவர்கள் யாரும் இருக்கக் கூடாது. கடைசி விஷயத்தைச் சொன்னால் உறவினர்களின் பாதிச் சந்தேகம் போய்விடும். "கிட்னிக்காகக் கொன்னுட்டாக" என்கிற பேச்சு ஏன் தவறு என்பதற்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

ஆனாலும் அந்தக் குடும்பம் கொடுக்கவில்லை. தப்பு எங்கள் பக்கம். மகன் இறந்துவிட்டான் என்று சொன்ன அதே மூச்சில், அதே நடைபாதையில், எங்களில் ஒருவர் உறுப்பையும் கேட்டுவிட்டார். இரண்டும் இரண்டு பேச்சு. முதலாவது அவர்கள் மனதில் இறங்கி, அவர்கள் வாயாலேயே 'போயிட்டான்' என்று வந்த பிறகுதான் இரண்டாவது. அதுவும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, வேறொருவர் கேட்க வேண்டும். இதயத்தை எடுத்த பிறகு நாலு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும் என்பதால் எங்களுக்கு எப்போதும் அவசரம். அந்த அவசரத்தை அந்த அம்மா மேல் ஏற்றியிருக்கக் கூடாது.

2019 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு ஐயா தூக்கத்திலேயே போய்விட்டார். 84 வயது. இனி நான் சொல்லப்போவதை, வீட்டில் இப்படி எழுதிக் கொடுத்த பெரியவர்கள் உள்ளவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கலாம். ஐயா எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார், நாங்கள் எதையும் தயாராக வைத்திருக்கவில்லை.

நான் ஹாஸ்டலிலிருந்து போன் வழியாகச் சொன்ன முதல் காரியம் கண். ஃபேனை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்கு அரையடி உயரத்துக்குத் தலையணை வையுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்துவிட வேண்டும். ஐயாவுக்கு சுகர், இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆனவர், அவர் கண் உதவுமா என்று அப்பச்சி கேட்டார். உதவும். கண்ணாடி போட்டவர், சுகர்க்காரர், புரை எடுத்தவர் எல்லோரும் கொடுக்கலாம். கண் வங்கிக்காரர்கள் ஒன்பதே காலுக்கு வந்து இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். முகத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்று அப்பத்தா தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

கல்லூரிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. படிவத்தில் அச்சடித்திருந்தது துறையின் அலுவலக எண். ஞாயிறு காலையில் அங்கே யார் இருப்பார்கள்? அந்தக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்த என் பள்ளித்தோழி ஒருத்தி, நேரில் போய் வாட்ச்மேனைப் பிடித்து, அவர் வழியாக ஒரு பேராசிரியரின் செல் எண்ணை வாங்கித் தருவதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது. தோழி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அப்போதே நினைத்தேன். படிவம் கொடுக்கும் அன்றைக்கே கேளுங்கள்: ராத்திரியில், ஞாயிற்றுக்கிழமையில், தீபாவளியன்று யாரைக் கூப்பிடுவது? இரண்டு செல் எண்ணாவது வாங்கிப் படிவத்தின் நகலில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பீரோவுக்குள் வேண்டாம். ஐயா தன் படிவத்தை வீட்டுப் பத்திரங்களோடு பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தார். சாவியைத் தேடவே அரைமணி நேரம்.

அடுத்தது டாக்டர் சான்று. வீட்டில் இறந்தால், இயற்கையான மரணம், இன்ன காரணம் என்று ஒரு டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் எந்தக் கல்லூரியும் உடலை வாங்காது. ஐயாவுக்கு வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பட்டு வேட்டியோடு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், புண்ணியவான். நான் எழுதக் கூடாதா என்றால், ஹவுஸ் சர்ஜன் எழுதி நடக்காது. சொந்தப் பேத்தி எழுதினால் பார்க்கவும் நன்றாக இருக்காது. வயதானவர்கள் உள்ள வீட்டில், கூப்பிட்டால் வருகிற ஒரு டாக்டரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஐஸ் பெட்டி இப்போது எல்லா ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. அது வந்துவிட்டால் அவசரம் குறையும்; கேதத்துக்கு வருகிற சனம் வந்து பார்க்கலாம். அப்புறம் ஜெராக்ஸ். இறந்தவரின் ஆதார், கையெழுத்துப் போடுகிறவரின் ஆதார், டாக்டர் சான்று, படிவம் என்று எல்லாவற்றுக்கும் நகல் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்லல் ஊரில் ஜெராக்ஸ் கடையைத் திறக்க வைத்த கதையைத் தனியாக எழுதலாம்.

இந்த ஓட்டமெல்லாம் ஒரு பக்கம். வளவில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். படிவம் எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு: இல்லை. இறந்த பிறகு உறவுகள் மறுத்தால் எந்தக் கல்லூரியும் வந்து உடலைக் கேட்டு நிற்காது. உறுப்பு தானத்திலும் அப்படித்தான், நீங்கள் அட்டை வைத்திருந்தாலும் அன்றைக்கு வீட்டில் சம்மதித்தால்தான் நடக்கும். அதனால் எழுதுகிறவர் தன் பிள்ளைகளிடம் மட்டும் சொன்னால் போதாது. உங்கள் வீட்டு கேதத்தில் யாருடைய வார்த்தை எடுபடுமோ, அவரிடம் நேரில் சொல்லி வையுங்கள். ஐயா அதைச் செய்திருந்தார். பங்காளிகளில் மூத்தவர் ஒருவரிடம் பிள்ளையார்பட்டி சதுர்த்திக்குப் போனபோது சொல்லியிருக்கிறார். அவர் எழுந்து, "என்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கான். பேச்சை வளக்காதீக" என்றதும் பாதிச் சத்தம் அடங்கியது.

மீதிச் சத்தம் கொள்ளியைப் பற்றி. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கிற வழக்கம் உண்டு, அதைச் செய்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எல்லோருக்கும் அது நல்ல வழியாகப்பட்டது. அதுவரை பேசாமல் இருந்த அப்பத்தா, "இருக்கிற மனுசரை இல்லேன்னு எரிக்கிறதா? அவுக காலேசுல இருப்பாக" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கொள்ளி தவிர மற்ற எல்லாம் நடந்தது. நீர்மாலை எடுத்தார்கள், குளிப்பாட்டினார்கள், கோடி போட்டார்கள், வாய்க்கரிசி போட்டார்கள், சங்கு ஊதினார்கள். எதற்கும் தடை இல்லை. சடங்கு செய்தால் உடலைக் கல்லூரியில் வாங்க மாட்டார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. பதினாறாம் நாள் கருமாதியும் வழக்கப்படி நடந்தது. சாம்பல் கரைக்கவில்லை, அவ்வளவுதான். படைப்பன்று முன்னோர்களோடு ஐயாவுக்கும் ஒரு வேட்டி வைக்கிறோம். மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்கிற வேலை மட்டும் கொடுக்கிற வீட்டுக்காரர்களுடையது. கேதக் களேபரத்தில் அதை மறந்துவிட வேண்டாம்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆம்புலன்ஸில் அப்பச்சியும் நானும். அனாட்டமி (உடற்கூறியல்) துறை வாசலில் வயதான அட்டெண்டர் ஒருவர் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர், முணுமுணுத்துக்கொண்டுதான் நின்றார். ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது அவர் செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து கால்மாட்டைப் பிடித்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. நாலு மணியிலிருந்து அழாமல் ஓடிக்கொண்டிருந்த நான் அங்கேதான் உடைந்தேன்.

அப்புறம் மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வு எழுதினேன். என் ரேங்குக்குக் கிடைத்த நல்ல சீட் எம்.டி. அனாட்டமி. ஐயாவுக்காக எடுத்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ரேங்க் அவ்வளவுதான். எங்கள் ஆத்தாவுக்கு இன்றுவரை வருத்தம்: "பொணத்தோட படிப்பு." இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். உடல் தானப் படிவத்தில் அச்சடித்திருக்கும் இரண்டு செல் எண்களில் ஒன்று என்னுடையது. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பேன்.

அந்த எண்ணுக்கு வருகிற அழைப்புகளில் மனசு கஷ்டப்படுவது, வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும்போது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், பத்து வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தவர், சாலை விபத்தில் இறந்துபோனார். விபத்தென்றால் போஸ்ட்மார்ட்டம் நிச்சயம். போஸ்ட்மார்ட்டம் ஆன உடலை அனாட்டமிக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ரத்தக்குழாய் வழியாகத்தான் ஃபார்மலினைச் செலுத்துகிறோம், குழாய்கள் அறுபட்டிருந்தால் மருந்து ஏறாது, உடல் கெட்டுவிடும். அவர் மகன் அவமானப்பட்டது மாதிரிப் பேசினார். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகையில் ஹெபடைடிஸ் பி, சி, காசநோய் இருந்தாலும், அழுகத் தொடங்கியிருந்தாலும் வாங்குவதில்லை. உறுப்புகளை எடுத்த உடலையும் பொதுவாக வாங்குவதில்லை. கண் எடுத்திருந்தால் பரவாயில்லை. இதையெல்லாம் படிவம் கொடுக்கும்போதே நான் சொல்லிவிடுகிறேன். கூடவே உறுப்பு தானத்துக்கும் பதிந்து வையுங்கள் என்கிறேன். இப்போது ஆதாரை வைத்து ஆன்லைனிலேயே பதியலாம். ஆஸ்பத்திரியில் மூளைச்சாவு என்றால் உறுப்பு. வீட்டில் வயதாகிப் போனால் கண்ணும் உடலும். எது வாய்க்கிறதோ அது. கல்லூரி மறுத்தால் வழக்கப்படி அடக்கம் செய்துகொள்ளுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை என்பதையும் முன்னாலேயே சொல்லிவிட்டால் மகன்கள் அப்படிக் குன்றிப்போக மாட்டார்கள்.

2012-ல் சிவகங்கையிலும் 2017-ல் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்து ஊர்களுக்கு மதுரை, தஞ்சாவூர் அலைச்சல் குறைந்திருக்கிறது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களுக்கு இறுதிச் சடங்கில் அரசு மரியாதை என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்த பிறகு ஊரில் பேச்சும் மாறியிருக்கிறது. மறு வருடம் மார்க்சிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸுக்குப் போனபோது என் மாணவர்களே வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். ஜோதி பாசு 2010-லேயே கொடுத்துவிட்டுப் போனார் என்றேன். மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த ஜோதி பாசு யாரென்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அது வேறு கவலை.

ஹாலுக்கு வருகிறேன். 2019-லிருந்து புதிய பாடத்திட்டத்தில், கத்தியைத் தொடும் முன் உடலின் முன்னால் மாணவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். இவர் எங்கள் முதல் ஆசிரியர் என்பது அதன் சாரம். நல்ல ஏற்பாடு. ஆனால் உறுதிமொழி முதல் நாளோடு சரி. மூன்றாம் வாரத்துக் கிண்டலை அது தடுப்பதில்லை.

சென்ற ஆண்டு சேர்ந்தவர்களிடம் நான் கை தூக்கச் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்து, பெயர் போடாமல், 'உங்கள் உடலைக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் ஏன்?' என்று எழுதச் சொன்னேன். சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். அம்மா விட மாட்டார்கள் என்று நிறைய. எங்கள் மதத்தில் புதைக்க வேண்டும் என்று சில. மறுபிறப்பில் உறுப்பு குறையும் என்று யாருமே எழுதவில்லை, மேடைப் பேச்சாளர்கள்தான் இன்னும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சீட்டில், 'உறுப்பு ஓகே. பாடி நோ. வெட்டுகிறவன் என் ஜூனியராக இருப்பான்.' ஒரு சீட்டில், 'என் உடம்பில் ஒரு தழும்பு இருக்கிறது, அதை யாரும் பார்த்ததில்லை.' இன்னொன்றில் உருண்டையான கையெழுத்து: 'நான் குண்டு. டேபிள் 6-ல் இருக்கிற அம்மாவை என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.'

இந்தச் சீட்டை மறுநாள் வகுப்பில் படித்துக் காட்டினேன். எந்த டேபிள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். யாரையும் திட்டவில்லை. என் ஏப்ரன் கதையைச் சொன்னேன், நான் சிரித்ததையும் சேர்த்து. ஹால் அமைதியாக இருந்தது.

அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள் சின்னவை. போன் வெளியே. டிசெக்‌ஷன் நடக்கிற பகுதி தவிர மற்ற இடமெல்லாம் ஈரத்துணி மூடியிருக்க வேண்டும், முகம் கண்டிப்பாக. கழிவுத் திசுக்களுக்கு ஒவ்வொரு டேபிளுக்கும் தனி வாளி, ஒருவருடையது இன்னொருவரோடு கலக்கக் கூடாது. கடைசி அடக்கத்தின்போது அவர் அவராகப் போக வேண்டும். பட்டப்பெயருக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை, தடை போட்டால் முதுகுக்குப் பின்னால் வைப்பார்கள். அதனால் குடும்பத்திடம் அனுமதி கேட்டு, பெயரையும் ஊரையும் சொல்லாமல், ஒன்றிரண்டு விவரம் டேபிளில் எழுதி வைக்கிறேன். 'வயது 78. லேத் பட்டறை வைத்திருந்தவர்.' 'வயது 81. கொட்டான் முடைவார். ஐந்து பிள்ளைகள்.' கேட்க ஆளில்லாமல் வந்தவர்களுக்கு எழுத ஒன்றுமில்லை. 'இவரைப் பற்றி நமக்குத் தெரியாது' என்று எழுதுகிறேன். அந்த டேபிளில்தான் பிள்ளைகள் அதிகம் அடங்கி இருக்கிறார்கள், ஏனென்று தெரியவில்லை. பட்டப்பெயர் முழுக்க ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். லேத் பட்டறைக்காரரை 'மாஸ்டர்' என்கிறார்கள். அது இருந்துவிட்டுப் போகட்டும். அவர் வலது ஆள்காட்டி விரல் நுனி இல்லாததை, மெஷின்தான் கடித்திருக்கும் என்று ஒரு பையன் கண்டுபிடித்து வந்து சொன்னான். தசை, நரம்பு எல்லாம் அப்புறம்தான் கேட்டான்.

அப்பத்தாவுக்கு இப்போது 86. போன சித்திரையில் படிவம் கேட்டார், என் கல்லூரிக்கே. "அவுகளை வேற எடத்துக்கு அனுப்பிச்ச மாதிரி என்னை அனுப்பிராத. நீ இருக்கிற எடத்துலயே இருக்கேன்" என்றார். சாட்சி இடத்தில் இந்த முறை முதல் கையெழுத்து என்னுடையது. அந்த நாள் வரும்போது நான் அந்த ஹாலில் நிற்க முடியுமா என்று துறைத்தலைவியிடம் கேட்டேன். "நீ ஒரு வருசம் வேற பாடம் எடு" என்றார்.

என் படிவம் பூர்த்தியாகி மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு கையெழுத்து பாக்கி. வீட்டுக்காரரும் டாக்டர்தான், என் செட்தான். உறுப்பு தானத்துக்கு இருவரும் ஒரே நாளில் பதிந்துவிட்டோம். உடல் படிவத்தை நீட்டினால் மட்டும் "பாக்கலாம்" என்கிறார். ஏனென்று நான் கேட்பதில்லை. அந்த ஏப்ரனை மாட்டியவர் அவர்தான்.